ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனும் ஒரு பத்திரிகைக்காரரின் பேரும்

எங்கள் ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு செய்தி வந்து விழுந்தது. பெற்றோரை இங்கே வரவழைப்பதற்கான விசா விதி மாறிவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அவ்வளவுதான் என்று. மேலே ஏதோ ஒரு தொலைக்காட்சியின் சின்னம், கீழே சிவப்பு எழுத்தில் அவசரம் என்று ஒரு முத்திரை. ராத்திரி பத்து மணிக்கு வந்தது. விடிவதற்குள் எனக்கு மட்டும் ஐந்து பேர் அனுப்பியிருந்தார்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை நினைத்து ஒரு தோழி அழுதே விட்டார். கடைசியில் பார்த்தால் அத்தனையும் பொய். விதியும் மாறவில்லை, அந்தச் சின்னத்துக்குரியவர்கள் அப்படி ஒரு செய்தியும் போடவில்லை.

அக்கா மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிப்பான். அந்த வாரம் காரில் போகும்போது என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை எழுதினது யாரு மாமா என்று கேட்டான். தெரியலைப்பா என்றேன். எழுதினவர் பேரே இல்லாத ஒன்றை எப்படி இத்தனை பெரியவர்கள் நம்பினீங்க என்றான். தமிழில் வரும் செய்தி எதையும் தான் நம்புவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னான். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அவனுக்கு அன்றைக்கு நான் சொன்னது ஜி. சுப்பிரமணிய ஐயரின் கதை. பள்ளிக்கூடப் பாடத்தில் பாரதியாருக்கு வேலை கொடுத்தவர் என்று ஒரு வரியில் வந்து போகிற ஆள். சிலருக்கு 'தி ஹிந்து' பத்திரிகையின் நிறுவனர் என்ற அளவில் தெரியும். சிலருக்குச் 'சுதேசமித்திரன்' என்றால் தெரியும். இரண்டும் ஒரே ஆள் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு செய்தியை ஜனங்கள் நம்ப வேண்டுமானால் அதை எழுதுகிறவன் என்னென்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இவருடைய வாழ்க்கையைவிட நல்ல கணக்குப் புத்தகம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

1855 ஜனவரியில் திருவையாற்றில் பிறந்தார். தியாகராஜ சுவாமிகள் மறைந்து எட்டு வருடம் ஆகியிருந்த திருவையாறு. அப்பா அங்கே முன்சீப் கோர்ட்டில் வக்கீலாக இருந்தார். பையன் தஞ்சாவூரில் படித்து, ஆசிரியர் பயிற்சிக்காக மதராஸ் வந்து, பள்ளிக்கூட வாத்தியாராக வேலையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படித்து பி.ஏ. பட்டமும் வாங்கினார். அன்றைக்கு பி.ஏ. படித்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஒன்றும் கஷ்டமில்லை. போயிருந்தால் பென்ஷனோடு நிம்மதியாகச் செத்திருப்பார். நமக்கும் இந்தக் கதை இருந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் மதராஸ் உயர் நீதிமன்றத்துக்கு முதல் முறையாக ஓர் இந்தியரை நீதிபதியாகப் போட்டார்கள். திருவாரூர் முத்துசாமி ஐயர். சின்ன வயதில் கிராமக் கணக்குப் பிள்ளையிடம் எடுபிடியாக இருந்து, தெருவிளக்கில் படித்து மேலே வந்தவர் என்று சொல்வார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஆங்கிலப் பத்திரிகைகள் இந்த நியமனத்தைப் போட்டுத் தாக்கின. மதராஸில் அன்றைக்கு எடுபட்ட பத்திரிகைகள் என்றால் அவைதான். அவை எழுதுவதுதான் கவர்னர் மேஜைக்குப் போகும், லண்டனுக்கும் போகும். பதில் சொல்ல இந்தியர் கையில் சொல்லும்படியாக ஒரு தாள் இல்லை.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசுகிற ஆறு இளைஞர்கள், நாமே ஒன்று நடத்தினால் என்ன என்று கிளம்பினார்கள். இரண்டு பேர் வாத்தியார்கள்: சுப்பிரமணிய ஐயரும், பச்சையப்பன் கல்லூரியில் இருந்த வீரராகவாச்சாரியாரும். மீதி நான்கு பேர் சட்ட மாணவர்கள். ஒருத்தர் கையிலும் காசு கிடையாது. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதி அடித்தார்கள். எட்டுப் பக்கம், விலை நாலணா, வாரம் ஒரு முறை. தேதி 1878 செப்டம்பர் 20. ஆசிரியருக்கு வயது 23.

எண்பது பிரதி. நம்முடைய சங்கத்துக் குழுவில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு, பாருங்க.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதே 1878 மார்ச்சில்தான் லிட்டன் பிரபு நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். இந்திய மொழிகளில் வரும் பத்திரிகைகளுக்கு மட்டும் கடிவாளம். அரசாங்கத்துக்குப் பிடிக்காததை எழுதினால் அச்சு இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு போகலாம். ஆங்கிலப் பத்திரிகைக்கு அந்தச் சட்டம் பாயாது. கல்கத்தாவில் அமிர்த பஜார் பத்திரிகா ஒரே வாரத்தில் வங்க மொழியை விட்டு முழுசாக ஆங்கிலத்துக்குத் தாவியது இதனால்தான். சுப்பிரமணிய ஐயர் முதலில் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததற்கு இதுவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பேச நினைத்த ஆட்கள் ஆங்கிலம் படிக்கிற ஆட்கள். ஆனாலும், எந்த மொழியில் சொன்னால் ஜனங்களுக்குப் போய்ச் சேருமோ அந்த மொழியைக் கண்டுதான் அதிகாரம் பயப்படும் என்பது அவருக்கு அப்போதே புரிந்திருக்கும். நாலு வருடம் கழித்து அவர் செய்ததைப் பார்த்தால் தெரிகிறது.

சட்ட மாணவர்கள் நான்கு பேரும் பரீட்சை முடித்து வக்கீலாகப் போய்விட்டார்கள். வாத்தியார்கள் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். ஒருத்தர் எழுத்து, ஒருத்தர் கணக்கு. பத்திரிகை 1883இல் வாரம் மூன்று நாள் ஆகி மவுண்ட் ரோட்டுக்குக் குடிபோனது. 1889 ஏப்ரலில் தினசரி ஆனது.

இந்தப் பதினோரு வருடத்தில் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்ன? அலங்கார ஆங்கிலம் இல்லை. 1882இல் சேலத்தில் ஒரு கலவரம் நடந்தது. கோயில் ஊர்வலம் போகிற வழியில் மசூதி கட்டுவது பற்றி எழுந்த தகராறு. கலவரத்தைத் தூண்டியதாக நகரசபை உறுப்பினர் விஜயராகவாச்சாரியாரைப் பிடித்துப் பத்து வருட தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பின்னாளில் காங்கிரஸ் தலைவரானவர் இவர். சேலத்து வழக்குகள் நடந்த விதத்தைப் பற்றி ஹிந்து விடாமல் எழுதியது. செங்கல்பட்டு விவசாயிகள் அதிகாரிகளிடம் பட்ட பாட்டையும் எழுதியது. கவர்னர் கிராண்ட் டஃப்பை நேருக்கு நேர் விமர்சித்தது. யார், எந்த ஊர், எந்த அதிகாரி என்று எழுதும்போது, அந்த ஊர்க்காரன் அதைப் படித்துவிட்டு ஆமாம், இப்படித்தான் நடந்தது என்று தலையாட்டுவான். பொய்யென்றால் காறித் துப்புவான். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. தூரத்து ஊர்ச் செய்தியில் யாரும் யாரையும் ஏமாற்றலாம், பக்கத்து ஊர்ச் செய்தியில் முடியாது.

1885 டிசம்பரில் பம்பாயில் முதல் காங்கிரஸ் மாநாடு. எழுபத்திரண்டு பேர் கூடினார்கள். அந்த மாநாட்டின் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம்ம திருவையாற்றுக்காரர். இந்தியாவில் ஆட்சி எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும், அதில் இந்தியர்களுக்கும் இடம் வேண்டும் என்பது தீர்மானம். சும்மா கத்தாமல், விசாரி என்று கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து இந்தியச் செலவினம் பற்றி லண்டனில் வெல்பி கமிஷன் உட்கார்ந்தபோது, கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரைப் போல இவரும் கப்பலேறிப் போய் சாட்சி சொன்னார். குறுக்குக் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் அளவுக்குக் கணக்கு கையில் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரம் பற்றி 1903இல் புத்தகமே போட்டார்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் எல்லோரும் கை தட்டுகிற பகுதி. வெள்ளைக்காரனைத் திட்டினால் வாசகன் கை தட்டுவான், சந்தா கட்டுவான். கஷ்டம் அதற்குப் பிறகுதான்.

சுப்பிரமணிய ஐயர் பத்திரிகையில் பால்ய விவாகத்தை எதிர்த்து எழுதி வந்தார். விதவைகளுக்கு மறுமணம் செய்து வைக்க வேண்டும் என்று எழுதி வந்தார். அன்றைய பிராமணக் குடும்பத்தில் எட்டு, ஒன்பது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை செத்துப்போனால், வாழ்க்கை என்றால் என்னவென்றே தெரியாத அந்தக் குழந்தைக்குத் தலையை மழித்து ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இதைப் பற்றி அன்றைக்கு எழுதியவர்கள் பலர். மேடையில் பேசியவர்கள் அதைவிடப் பலர். தன் வீட்டுக்கு வந்தபோது பலரும் சாஸ்திரம் பேசினார்கள்.

ஐயர் வீட்டுக்கே வந்தது. அவருடைய மகள் சிவப்பிரியை சிறுமியாக இருக்கும்போதே விதவையானாள். 1889 டிசம்பரில், காங்கிரஸ் மாநாடு நடந்த சமயத்தில், பம்பாயில் வைத்து மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. அந்த வருட ஏப்ரலில்தான் பத்திரிகை தினசரி ஆகியிருக்கிறது. செலவு கூடியிருக்கிறது. சந்தாதாரர்கள் யார்? மயிலாப்பூர் வக்கீல்கள், கும்பகோணம் மிராசுதார்கள், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். இவரை ஆகா என்று புகழ்ந்த அதே ஆட்கள். அவர்கள்தான் இவரை ஜாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஊருக்குள் பழகுவதற்கு ஆள் இல்லாமல் ஆனது.

இன்றைய கணக்கில் சொன்னால், தன்னுடைய பார்வையாளர்களுக்குப் பிடிக்காததைத் தெரிந்தே செய்தார். எண்ணிக்கை விழும் என்று தெரியும், விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மனுஷன் சீர்திருத்தம் பற்றி எழுதினால், அவரைப் பிடிக்காதவன்கூட இந்த ஆள் ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவர் என்று சொல்ல முடியாமல் போனது. பிடிப்பது வேறு, நம்புவது வேறு. இன்றைக்கு இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அதற்காக அவரைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. அவர் பேனா சில சமயம் அவரையே மீறி ஓடியது. காரம் அதிகம். அவதூறு வழக்குகள் வந்தன, பத்திரிகையின் பணத்தைத் தின்றன. ஒரு பக்கம் கோர்ட் செலவு, இன்னொரு பக்கம் சீர்திருத்தம் பிடிக்காமல் விலகிப்போன வாசகர்கள். கணக்குப் பார்க்கிற வீரராகவாச்சாரியாருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்கத்தான் வேண்டும். மாதக் கடைசியில் அச்சுக் கோப்பவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது அவர். இருபது வருடக் கூட்டு 1898இல் உடைந்தது. பத்திரிகை வீரராகவாச்சாரியாரிடம் நின்றது, ஐயர் வெளியேறினார். ஏழு வருடம் கழித்து, 1905இல், கஸ்தூரி ரங்க ஐயங்கார் அதை 75,000 ரூபாய்க்கு வாங்கினார். ஒன்றே முக்கால் ரூபாயில் ஆரம்பித்தது.

வெளியே வந்த ஐயர் கையில் இருந்தது சுதேசமித்திரன். 1882இலேயே தமிழில் தொடங்கிய வாரப் பத்திரிகை. லிட்டனின் சட்டம் ரிப்பன் காலத்தில் ஒழிந்த பிறகு வந்தது. 1899இல் அதைத் தினசரி ஆக்கினார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய காரியம் ஹிந்து இல்லை, இதுதான். ஆங்கிலம் படித்த நூறில் ஒருத்தனுக்கு எழுதியது போதும் என்று மீதி ஆட்கள் பக்கம் திரும்பினார்.

அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று இன்றைக்கு நமக்குப் புரியாது. வரவு செலவுத் திட்டம், சட்டசபை, ஏற்றுமதி, நாணய மாற்று என்றெல்லாம் தமிழில் தினமும் எழுதிப் பழக்கமே இல்லாத காலம். அன்றைய தமிழ் உரைநடை ஒன்று புராணப் பிரசங்கம் மாதிரி இருக்கும், இல்லையென்றால் கோர்ட் பத்திரம் மாதிரி இருக்கும். தந்தியில் ஆங்கிலத்தில் வரும் செய்தியை அன்றைக்கு சாயங்காலத்துக்குள் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு விளங்குகிற தமிழில் கொடுக்க வேண்டும். ஒரு வார்த்தை தப்பானால் அர்த்தமே தலைகீழாகிவிடும். படிக்கத் தெரிந்த ஒருத்தர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிற காலம். அந்தப் பத்துப் பேருக்கு இன்னொரு பத்திரிகையைப் புரட்டிச் சரிபார்க்க வழி கிடையாது. சுதேசமித்திரனில் போட்டிருக்கான் என்றால் அது நடந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட நம்பிக்கை எழுதுகிறவன் தோளில் எவ்வளவு கனமாக உட்காரும்!

ஒரு வார்த்தை சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஆட்கள் சம்பந்தப்பட்ட ஓர் உதாரணம் உண்டு. கடல் தாண்டி வந்தவர்கள் நாம், இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1896இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தி என்ற இளம் வக்கீல் இந்தியா வந்தார். நேட்டாலில் இந்தியர்கள், அதில் பெரும்பகுதி நம்ம தமிழ்க் கூலி ஆட்கள், படும் பாட்டைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பச்சை அட்டை என்பதால் பச்சைப் புத்தகம் என்றே பேர். அந்த அக்டோபரில் மதராஸ் வந்து பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். முதலாளி அடித்துப் பல் உடைந்து, ரத்தத்தோடு தன்னிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் கதையைச் சொன்னபோது கூட்டம் கொந்தளித்தது. 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' ஆசிரியர் பரமேஸ்வரன் பிள்ளை தன் பத்திரிகையையே காந்திக்குத் திறந்துவிட்டார். ஹிந்துவின் சுப்பிரமணிய ஐயரும் ஆதரவாக நின்றார். இரண்டு பேருடைய உதவியையும் காந்தி தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. அந்தப் புத்தகத்தின் சாரத்தை ராய்ட்டர் நிறுவனம் லண்டனுக்குத் தந்தி அடித்தது. லண்டனிலிருந்து அதை இன்னும் சுருக்கி நேட்டாலுக்கு அடித்தார்கள். மொத்தம் மூன்று வரிக்கு மேல் இல்லை. காந்தி எழுதியது நிதானமான, ஆதாரத்தோடு சேர்ந்த விவரம். அங்கே போய்ச் சேர்ந்தது, நேட்டாலில் இந்தியர்களைக் கொள்ளையடிக்கிறார்கள், மிருகம் மாதிரி நடத்துகிறார்கள் என்று இந்தியா முழுக்கச் சொல்லித் திரிகிறார் என்பதாக. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 1897 ஜனவரியில் காந்தி டர்பனில் கப்பலை விட்டு இறங்கியபோது ஒரு கும்பல் அவரைத் தெருவில் வைத்துக் கல்லால் அடித்து உதைத்தது. போலீஸ் அதிகாரியின் மனைவி தன் குடையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றிராவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். ராய்ட்டர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. சுருக்கியதுதான். சுருக்கியதை இன்னொருத்தர் சுருக்கினார். படித்தவர்கள் மூலப் புத்தகத்தைத் தேடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வாட்ஸ்அப்பெல்லாம் வருவதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய கதை இது.

மறுபடி ஐயரிடம் வருவோம். 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இருபத்தோரு வயதுப் பையனைச் சுதேசமித்திரனுக்கு உதவி ஆசிரியராக அழைத்து வந்தார். சுப்பிரமணிய பாரதி. பையனுக்குக் கொடுத்த வேலை கவிதை இல்லை, மொழிபெயர்ப்பு. தந்திகளையும் தலைவர்களின் பேச்சுகளையும் தமிழாக்க வேண்டும். பாரதியின் உரைநடையில் பின்னால் நாம் ரசிக்கிற அந்தச் சுருக்கும் தெளிவும் இந்தத் தினசரி வேலையில் பழகியது என்பது என் எண்ணம். பாரதிக்கு ஐயரின் நிதானம் போதவில்லை. 1906இல் 'இந்தியா' பத்திரிகைக்குப் போய்விட்டார். ஆனால் ஐயரும் அதே காலத்தில் சூடாகிக்கொண்டுதான் வந்தார். வங்கப் பிரிவினைக்குப் பிறகு சுதேசி இயக்கத்துக்காக ஊர் ஊராகப் போய்த் தமிழிலேயே பேசினார். படித்தவர்கள் மேடையில் ஆங்கிலம் பேசுவதுதான் மரியாதை என்றிருந்த காலம் அது.

1908 வந்தது. ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. ஆகஸ்டில் இந்தியா பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவு செய்திருந்தவரைப் பிடித்தார்கள், பாரதி புதுச்சேரிக்குப் போனார். அதே ஆகஸ்டில் குற்றாலத்தில் உடம்புக்காகத் தங்கியிருந்த சுப்பிரமணிய ஐயரைக் கைது செய்தார்கள். சுதேசமித்திரனில் வந்த கட்டுரைகளுக்காக ராஜத்துரோக வழக்கு. அவருக்கு 53 வயது. கொடுமையான தோல் வியாதி, உடம்பெல்லாம் புண். ஜெயிலுக்குப் போனால் பிணமாகத்தான் வருவார் என்று நண்பர்கள் நடுவில் புகுந்தார்கள். இனி இப்படி எழுத மாட்டேன் என்ற மாதிரி உறுதிமொழி வாங்கிக்கொண்டு அரசாங்கம் வழக்கைக் கைவிட்டது.

அக்கா மகன் இந்த இடத்தில் என்னை நிறுத்தினான். அப்போ பயந்துட்டாரா என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அன்றைக்கும் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். வ.உ.சி. செக்கிழுக்கும்போது இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்த வரியோடு நிறுத்தினால் அதுவும் ராய்ட்டரின் மூன்று வரித் தந்தி மாதிரிதான். முப்பது வருடம் எழுதி, சொத்து சேர்க்காமல், ஜாதியை இழந்து, கூட்டாளியை இழந்து, கடைசியில் உடம்பையும் இழந்த ஒரு மனுஷன் போட்ட கையெழுத்து அது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு ஒருத்தர் சொன்னால் சண்டைக்கும் போக மாட்டேன். சுதேசமித்திரனின் காரம் அதற்குப் பிறகு குறைந்தது என்பது உண்மை. பத்திரிகை நிற்கவில்லை என்பதும் உண்மை.

கடைசி வருடங்கள் ரொம்பப் பாவம். வியாதி முற்றியது. பக்கத்தில் வரவே ஆட்கள் தயங்கினார்கள். 1915இல் தென்னாப்பிரிக்காவை விட்டு வந்த காந்தி மதராஸ் வந்தபோது இவருடைய வீடு தேடிப் போனார். முன்பு தன்னுடைய ஆட்களுக்காகப் பத்திரிகையில் இடம் கொடுத்த ஆசிரியரின் புண்ணைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார் என்று சொல்வார்கள். அந்த வருடமே சுதேசமித்திரனை அ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்ரல் 18 அன்று இறந்துபோனார். வயது 61.

அவர் போன பிறகும் பத்திரிகை பல காலம் ஓடியது. புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதி 1920இல் மறுபடி வேலைக்குச் சேர்ந்தது சுதேசமித்திரனில்தான். அடுத்த வருடம் சாகும்போதும் அங்கேதான் வேலையில் இருந்தார்.

இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது வீடு வந்துவிட்டது. பையன் காரை விட்டு இறங்காமல் என் போனைத் திரும்ப வாங்கினான். சங்கத்துக் குழுவைத் திறந்து, அந்த விசாச் செய்திக்குக் கீழே எழுத்துக் கூட்டித் தமிழில் ஒரு கேள்வி தட்டிவிட்டான், இதை எழுதியது யார் என்று. எல்லோரும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழுந்தது. மூன்று வாரம் ஆகிறது, இன்னும் ஒருத்தரும் பதில் போடவில்லை.